பிளாப்பியிலிருந்து பென் டிரைவுக்கு: எம்பிராய்டரி மெஷின் பைல்களைக் காப்பி செய்வது எப்படி?

ஒரு போல்டரில் பைலைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் கீயுடன் சி. இன்னொரு போல்டரைத் திறந்து கன்ட்ரோல் கீயுடன் வி. பைல் காப்பி ஆகிவிடும். கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக் கொண்டிருப்பீர்கள். ஆனால் ஒரு பக்கம் நம் கம்ப்யூட்டரும் மறுபக்கம் ஒரு தொழிற்கூட இயந்திரமும் இருந்தால், இந்த இரண்டு கீகள் போதாது. திருவண்ணாமலையில் என் அக்காவின் கடையில் இதை நான் பட்டுத் தெரிந்து கொண்டேன்.

அக்கா தேரடி வீதிப் பக்கம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறார். ஆரணிப் பட்டுக்கு ஏற்ற ஜாக்கெட் வேலைதான் அதிகம். பழைய மெஷின், பிளாப்பி டிரைவ் உள்ளது. கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது போன் வந்தது.

"தம்பி, மிஷின் பிளாப்பியை எடுக்க மாட்டேங்குது. கல்யாண வீட்டுக்குப் பதினஞ்சு ஜாக்கெட் குடுக்கணும். கொஞ்சம் வந்து பாருடா."

சென்னையில் இருக்கும் மெக்கானிக், தீபக் கூட்டம் குறைந்த பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டார். லேப்டாப்பையும் ஒரு யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவையும் எடுத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

மெஷினுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்

எம்பிராய்டரி மெஷினின் பக்கத்தில் சிறிய திரையும் பட்டன்களும் கொண்ட ஒரு பெட்டி இருக்கும். இதுதான் கன்ட்ரோலர். இதிலும் பிராசசர், மெமரி, டிஸ்க் டிரைவ் எல்லாம் உண்டு. ஆனால் இதற்கு ஒரே வேலைதான். டிசைன் பைலைப் படித்து, துணி பிடித்திருக்கும் சட்டத்தை நகர்த்தி, ஊசியை இறக்கும்.

பல மெஷின்கள் ஏற்கும் டிசைன் பைல் டி.எஸ்.டி. என்ற வகை. டாஜிமா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மெஷின்களுக்காக வந்த வகை இது. பைலின் தொடக்கத்தில் 512 பைட் தலைப்புப் பகுதி. டிசைனின் பெயர், தையல் எண்ணிக்கை போன்றவை அதில் இருக்கும். அதன் பின் ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட். 18,000 தையல் கொண்ட ஒரு மயில் டிசைன் என்றால் 54,000 பைட். தலைப்பையும் சேர்த்தால் 54,512. நாம் போனில் எடுக்கும் ஒரு போட்டோவைவிட மிகச் சிறியது. 720 கே.பி. பிளாப்பி ஒன்றில் இப்படிப்பட்ட டிசைன்கள் 13 அடங்கும்.

இந்த பைலில் ஒரு குறையும் உண்டு. நூலின் நிறம் இதில் பதிவாகாது. "இங்கே நிறம் மாற்று" என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். எந்த நிறம் என்பது அக்காவின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது.

நான் செய்ய இருந்த தவறு

மயில் டிசைன் இருந்த பிளாப்பியை லேப்டாப்பில் போட்டேன். டிஸ்க் பார்மட் செய்யப்படவில்லை, இப்போது பார்மட் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்டது. பழக்க தோஷத்தில் என் விரல் 'ஆம்' பட்டனுக்குப் போய்விட்டது. "என்னமோ கேக்குதே, என்னடா அது?" என்று அக்கா கேட்டதால் நிறுத்தினேன். அழுத்தியிருந்தால் மயில் போயிருக்கும்.

பிறகு, மெஷின் நன்றாகவே படித்த வேறொரு பிளாப்பியை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அதற்கும் இதே கேள்விதான் வந்தது! அப்படியென்றால் டிஸ்க் கெட்டுப் போகவில்லை. சில கன்ட்ரோலர்கள் பிளாப்பியைத் தங்களுக்கே உரிய முறையில் பார்மட் செய்து எழுதும். விண்டோசுக்கு அது புரியாது. புரியாததை எல்லாம் அது 'பார்மட் ஆகாத டிஸ்க்' என்றே சொல்லும். எனவே தொழில் இயந்திரத்தின் டிஸ்க் எதைப் போட்டாலும், இந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்றே பதில் தர வேண்டும்.

முன்னெச்சரிக்கையாக பிளாப்பியின் மூலையில் உள்ள சிறிய தாழ்ப்பாளை நகர்த்தி, துளை திறந்திருக்குமாறு வைத்துக் கொள்ளுங்கள். துளை திறந்திருந்தால் அந்த டிஸ்க்கில் யாரும் எதையும் எழுத முடியாது.

மெஷினிலேயே டிஸ்க் விட்டு டிஸ்க் காப்பி

கிளீனிங் டிஸ்க் போட்டு மெஷின் டிரைவின் ஹெட்டைச் சுத்தம் செய்ததும் பெரும்பாலான பிளாப்பிகள் படிக்க ஆரம்பித்தன. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த டிஸ்க்கை அப்படியே போட்டால் ஹெட்டில் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்து போடும் நல்ல டிஸ்க்கையும் அது பாழாக்கிவிடும். டிஸ்க்கின் உலோக மூடியை நகர்த்திப் பார்த்து, வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் தனியே வையுங்கள்.

மெஷினில் ஒரே டிரைவ்தான். ஆகவே மெமரி வழியாகத்தான் காப்பி செய்ய வேண்டும்.

1. அக்காவின் மெஷின் மெனுவில் டாஸ் முறையில் பார்மட் செய்யும் வசதி இருந்தது. ஒரு காலி பிளாப்பியை இதில் பார்மட் செய்தேன். டாஸ் முறை விண்டோசுக்குப் புரியும்.

2. பழைய பிளாப்பியைப் போட்டு, டிசைனை மெஷின் மெமரிக்கு ஏற்றினேன்.

3. பழையதை எடுத்துவிட்டு டாஸ் பிளாப்பியைப் போட்டு, மெமரியில் உள்ள டிசைனை அதில் டி.எஸ்.டி. வகையாக எழுதினேன்.

4. அந்த பிளாப்பியை லேப்டாப்பில் போட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டருக்குக் காப்பி செய்தேன்.

மெமரி நிறைந்துவிட்டால் மெஷின் இடம் கேட்கும். அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். காப்பி சரியாக உள்ளது என்று உறுதியான பிறகே அழிக்க வேண்டும்.

சரிபார்த்தால்தான் காப்பி

பைல் பெயர் தெரிந்தால் காப்பி ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். பிளாப்பியை ஒருமுறை வெளியே எடுத்து மீண்டும் போடுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எப்.சி. என்ற கட்டளையைத் தாருங்கள். அதன் பின் இடைவெளி விட்டு சாய்கோடும் பி எழுத்தும், பிறகு பிளாப்பியில் உள்ள பைலின் பெயர், கடைசியாக ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பைலின் பெயர். அனைத்தையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டினால், இரண்டையும் பைட் பைட்டாக விண்டோஸ் ஒப்பிடும். வித்தியாசம் இல்லை என்று ஒரு வரி வந்தால்தான் காப்பி முடிந்தது என்று பொருள்.

லேப்டாப்பிலிருந்து மெஷினுக்குத் திரும்பக் கொண்டு போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பைல் பெயர் 8 எழுத்துக்குள் இருக்கட்டும். நீளமான பெயர் தந்தால் கன்ட்ரோலர் திரையில் முதல் ஆறு எழுத்தும், ஒரு நெளிகோடும், ஒரு எண்ணும்தான் தெரியும். எது மயில், எது மாங்காய் என்று குழம்புவீர்கள். பைல்களைப் போல்டருக்குள் போடாமல் டிஸ்க்கில் நேரடியாகப் போடுங்கள். பல பழைய கன்ட்ரோலர்களுக்குப் போல்டரைத் திறக்கத் தெரியாது. டிஸ்க் எந்த அளவு என்பதையும் பாருங்கள். 720 கே.பி. கேட்கும் மெஷினுக்கு 1.44 எம்.பி. டிஸ்க் ஒத்துவராமல் போகலாம்.

இனி பிளாப்பி வேண்டுமா?

ஜப்பானில் சோனி நிறுவனம் 2011-ல் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. ஆனாலும் பிளாப்பியை நம்பிய இயந்திரங்கள் உடனே மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1998-ல் அமைத்த ரயில் கட்டுப்பாட்டு முறையும் பிளாப்பியை நம்பியதுதான். ஜப்பான் அரசு தன் அலுவல் விதிகளிலிருந்து பிளாப்பியை நீக்கியதே 2024-ல்தான். இயந்திரம் நன்றாக ஓடும்போது ஒரு டிரைவுக்காக அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது.

இதற்கு ஒரு வழி, பிளாப்பி எமுலேட்டர். பழைய டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே 34 முனை கேபிளில் இதைப் பொருத்தலாம். முன்புறம் பென் டிரைவ் செருகும் இடமும், எண் காட்டும் சிறிய திரையும், இரண்டு பட்டன்களும் இருக்கும். பென் டிரைவ் பல பிளாப்பிகளாகப் பிரிக்கப்படும். 00 முதல் 99 வரை எண் இருந்தால் 100 பிளாப்பி. மெஷினோ, பிளாப்பி போட்டிருப்பதாகவே நினைத்துக் கொள்ளும். பலவற்றில், பென் டிரைவை விண்டோசில் செருகினால் முதல் பிளாப்பி மட்டுமே தெரியும். மற்றவற்றுக்கு எமுலேட்டருடன் வரும் சாப்ட்வேர் தேவை. வாங்கும் முன், உங்கள் மெஷினுக்கு 720 கே.பி. வேண்டுமா, 1.44 எம்.பி. வேண்டுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள்.

தீபத்துக்கு முதல் நாள் இரவுதான் வேலை முடிந்தது. 43 பிளாப்பிகளில் 40 பிழைத்தன. போன மூன்றில் ஒன்றின் டிசைன் மெஷின் மெமரியிலேயே இருந்தது. மற்ற இரண்டையும் பழைய ஜாக்கெட்டைப் பார்த்துப் புதிதாகத்தான் போட வேண்டும். பதினைந்து ஜாக்கெட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இப்போது டிசைன்கள் லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, எங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என மூன்று இடத்தில் உள்ளன. ஒவ்வொரு டிசைனுக்கும் அதே பெயரில் ஒரு நோட்பேட் பைல் போட்டு, நூல் நிறங்களை வரிசையாக டைப் செய்து வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலோ கடையிலோ இப்படி ஒரு பிளாப்பி பெட்டி இருந்தால், அடுத்த மழைக்காலம் வரும் முன் திறந்து பாருங்கள்.