குச்சி இல்லாத ராக்கெட்!

தீபாவளி ராக்கெட்டில் மருந்து விரல் நீளம்தான். குச்சியோ ஒரு முழம். நேராகப் போக வைப்பது அந்தக் குச்சிதான். அதை ஒடித்துவிட்டுப் பற்ற வைத்துப் பாருங்கள். ராக்கெட் வானத்துக்குப் போகாது. எதிர்வீட்டு மாமி மாடியில் காயப்போட்ட புடவைக்குப் போகும்!

குச்சிக்குப் பதில் வாலில் இறக்கை ஒட்டி, உள்ளே ஒரு பாராசூட்டும் மடித்து வைத்தால் அது மாடல் ராக்கெட். 1954-ல் இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் விஞ்ஞானி இல்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல்.

சேலையூரில் இருக்கும் என் அக்கா பையனுக்கு அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு கிட் வாங்கி வந்தார். அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, பால்சா கட்டை இறக்கைகள், ரப்பர் நாடா, பாராசூட். மோட்டார் மட்டும் இல்லை. வெடிமருந்தாச்சே, விமானத்தில் ஏற்ற விடுவார்களா?

பையன் ஒரே சாயங்காலத்தில் ஒட்டி முடித்துவிட்டான். "மாமா, இதை நம்ம ஸ்டைலுக்கு மாத்தணும். வால்ல பேட்டரி வெச்சு லைட் எரியணும்!"

நான் படித்தது பி.காம். ராக்கெட்டிலும் ஒரு பாலன்ஸ் ஷீட் இருப்பது எனக்குச் சந்தோஷம். இரண்டே கணக்கு. ஒன்று, எடையின் மையம். விரலில் வைத்தால் ராக்கெட் சாயாமல் நிற்கும் இடம். இன்னொன்று, காற்று தள்ளும் மையம். ராக்கெட்டின் உருவத்தை அட்டையில் வெட்டி, அந்த அட்டையை விரலில் நிறுத்தினால் இதுவும் உத்தேசமாகக் கிடைத்துவிடும். எடை மையம் மூக்குப் பக்கம், குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும். மாறினால் ராக்கெட் குட்டிக்கரணம் போடும். வேடிக்கை பார்ப்பவர் பக்கமும் திரும்பும்.

எனவே, வாலில் எதை ஒட்டினாலும் யோசித்து ஒட்ட வேண்டும். பெயிண்டுக்குக்கூட எடை உண்டு சார்!

சோதிக்கச் சுலப வழி: பாராசூட்டை மடித்து வைத்து, மோட்டார் எடைக்கு மணல் அடைத்த காகிதக் குழாயைச் செருகி, எடை மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். வாலில் பேட்டரியோடு சுழற்றியபோது பையனின் ராக்கெட் குறுக்கே திரும்பிப் பல்லிளித்தது. பேட்டரியை மூக்குக்குள் மாற்றினான். சமர்த்தாக மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு சுற்றியது.

சரி, எப்போ விடுறது? சேலையூரில் அந்தப் பேச்சே கூடாது. பக்கத்திலேயே தாம்பரம் விமானப் படைத் தளம், வடக்கே மீனம்பாக்கம். மோட்டார் வெடிபொருள் என்பதால் லைசென்ஸ் வேறு. வீட்டில் மருந்து கிளறுவது விரலுக்கும் வேலைக்கும் ஆபத்து.

ஆனால் முறைப்படி அனுமதி வாங்கினால் நம்ம பக்கத்திலும் நடக்கும். 2023 பிப்ரவரி 19-ல் பட்டிபுலத்திலிருந்து, மாணவர்கள் செய்த 150 குட்டி சாட்டிலைட்டுகளோடு ஒரு ராக்கெட் கிளம்பியது. 2024 ஆகஸ்ட் 24-ல் சென்னையின் ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனம், ரூமி-1 ராக்கெட்டை ஏவியது. எங்கிருந்து தெரியுமா? திருவிடந்தை! கல்யாணம் தள்ளிப்போகிற நம்ம ஆபீஸ் பையன்கள் மாலையோடு போய் நித்ய கல்யாணப் பெருமாளை வேண்டிக்கொள்கிற அதே ஊர்.

அடுத்த முறை மாலையோடு போகிறவர்கள் கடற்கரைப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்!