விதைநெல்லும் கணனியும்

பெரும்போக அறுவடையின்போது நல்ல கதிராகப் பார்த்துத் தெரிந்து, அதனை வேறாகச் சூடடித்துக் காயவைத்து, வேப்பிலை போட்டுச் சாக்கில் கட்டிவைப்பது எம்மவருக்குப் புதிய விடயமல்ல. அடுத்த போகத்திற்கு அதுவே விதை. அயலவன் வெறுங்கையோடு வந்து நின்றால் அவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் இத்தனை தலைமுறைகள் தாண்டி எம்மிடம் வந்து சேர்ந்தது இவ்வாறு கைமாறித்தான். "நான் தந்த விதையை நீ மற்றவனுக்குக் கொடுக்கக் கூடாது" என்று எந்தக் கமக்காரனும் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இன்று கடையில் வாங்கும் கலப்பினத் தக்காளி விதை அப்படிப்பட்டதல்ல. முதற்போகம் நன்றாகக் காய்க்கும். அந்தக் காயிலிருந்து விதையெடுத்துப் போட்டால் செடி தாயைப்போல வராது. ஆகவே ஒவ்வொரு போகத்திற்கும் கடைக்காரனிடமே போக வேண்டியுள்ளது.

கணனியைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் எதற்காக நெல்லையும் தக்காளியையும் இழுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கணனியை இயக்கும் மென்பொருளிலும் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. எம்முடைய பிள்ளைகளுக்கு எந்த வகையை நாம் கொடுக்கிறோம் என்பதை நெடுநாளாக நாமே யோசிக்கவில்லை. யோசிக்கவைத்தது ஒரு கசப்பான அனுபவம்.

எமது மீள்குடியேற்றக் கிராமத்தின் மாலைநேரக் கல்வி நிலையத்திற்கு நலன்விரும்பிகள் சிலர் பாவித்த கணனிகள் எட்டினை அன்பளிப்பாகத் தந்தார்கள். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டோம். அவற்றில் ஏற்றப்பட்டிருந்த மென்பொருள்கள் பணம் கொடுத்து வாங்கப்பட்டவையா, களவாகப் படியெடுக்கப்பட்டவையா என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பிள்ளைகள் படம் வரைந்தார்கள், கடிதம் தட்டச்சிட்டார்கள். மாதர் சங்கத்தின் சேமிப்பு, சுழற்சிக் கடன் கணக்குகளை உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை இரண்டு ஆண்டுகளாக அதிலே பதிந்துவந்தாள்.

ஒருநாள் திரைகள் கறுத்தன. இந்தப் பிரதி உண்மையானதல்ல, உரிமத்திற்குப் பணம் செலுத்தவும் என்று அறிவித்தல் வந்தது. கணக்குக் கோப்புத் திறந்தது. ஆனால் அதில் ஓர் எழுத்தையேனும் மாற்ற முடியவில்லை. மறுநாள் சங்கத்தின் கணக்கை மேலிடத்திற்குக் காட்டவேண்டிய நாள். சங்கத் தலைவி எம்மிடம் வந்து, "சுவாமி, எங்கட கணக்கு, நாங்கள் எழுதினது. அதைத் திருத்த ஆரிட்டக் கேக்கோணும்?" என்றார். அவருக்கு அன்று நாம் மறுமொழி சொல்லவில்லை. திரையைப் பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதிமுடிக்க விடியற்புறமாகிவிட்டது. களவெடுத்த பொருளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிவந்தோம் என்பதும் அன்றிரவுதான் எமக்கு உறைத்தது.

மென்பொருள் என்பது கணனி இன்ன வேலையை இன்ன முறையில் செய்யவேண்டும் என்று மனிதர் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதியே. எழுதிய மூல வடிவம் கையில் இருந்தால், தெரிந்தவர் ஒருவர் அதனை வாசித்துத் திருத்தலாம். பெரிய கம்பனிகள் அந்த மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இயங்கும் வடிவத்தை மாத்திரம் எமக்கு விற்கின்றன. உண்மையில் அதனை விற்பதுங்கூட இல்லை, பாவிக்க அனுமதி தருகின்றன.

இதனை எதிர்த்துக் குரல்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன். 1980 அளவில் அவர் வேலைசெய்த எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்துக்குப் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி கடதாசி சிக்கும். பழைய பொறியில், சிக்கியவுடன் உரியவர்களுக்கு அறிவித்தல் போகும்படி அவர் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். புதியதிலும் அவ்வாறு செய்ய மூலத்தைக் கேட்டபோது, அது கையிலிருந்த ஒருவர் கொடுக்க மறுத்துவிட்டார். எவருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குறுதி கொடுத்திருந்தாராம். கடதாசி சிக்கிய சின்னக் கதைதான். ஆனால் அயலவனுக்கு உதவக் கூடாது என்று ஒப்பமிட்டுக் கொடுப்பது எப்படி நல்ல வழக்கமாகும் என்று அந்த மனிதர் கேட்டார். 1983ல் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985ல் அதற்கென ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். எவரும் எத்தேவைக்கும் பாவிக்கலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு சுதந்திரங்களும் உள்ள மென்பொருளையே இன்று 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். 1991ல் பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் தோவால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் இதனோடு சேர்ந்ததும் கணனியை முழுமையாக இயக்கும் தொகுதி கிடைத்துவிட்டது.

ஆங்கிலத்தில் 'இலவசம்', 'சுதந்திரம்' இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் அவர்கள் இதனை விளக்கப் படாத பாடு படுகிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை எமக்கு இல்லை. கட்டற்ற மென்பொருள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்தாலும் அதன் சிறப்பு அதுவல்ல. விதைநெல்லைக்கூடச் சில வேளைகளில் காசுக்குத்தானே வாங்குகிறோம்? வாங்கியபின் அது எம்முடையது என்பதுதான் விடயம்.

இதனைப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோக முடியுமா? முடியும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் கேரளம் சாட்சி. அங்கே 2001ல் 'ஐ.ரி. அற் ஸ்கூல்' என்ற செயற்றிட்டம் அரசாங்கப் பாடசாலைகளுக்குக் கணனிக் கல்வியைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் கம்பனி மென்பொருளையே கற்பித்தார்கள். அதே 2001 ஜூலையில் இந்தியாவுக்கான கட்டற்ற மென்பொருள் அமைப்பு திருவனந்தபுரத்தில் ஸ்டோல்மன் முன்னிலையில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. பொதுப் பணத்தில் படிக்கும் பிள்ளைகளை ஒரு கம்பனியின் வாடிக்கையாளராக்கி அனுப்புவதா என்று ஆசிரியர் சங்கத்தினரும் ஆர்வலர்களும் கேள்வியெழுப்பினார்கள். வாதங்கள் நடந்தன; அரசியலும் கலந்தது. எனினும் சில ஆண்டுகளில் பாடப்புத்தகம், பயிற்சி, பரீட்சை யாவும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின.

இந்த மாற்றத்தில் எம்மைக் கவர்ந்தது ஒன்று. வெளியிலிருந்து பொறியியலாளரை வரவழைத்து அவர்கள் கற்பிக்கவில்லை. கணிதமும் விஞ்ஞானமும் மொழியும் படிப்பித்துக்கொண்டிருந்த சாதாரண ஆசிரியர்களையே தெரிந்தெடுத்துப் பயிற்றினார்கள். பயிற்றப்பட்டவர்கள் ஏனைய ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். தமது பாடப்புத்தகத்திற்கு ஏற்றவாறும் மலையாளம் சரியாக எழுதக்கூடியவாறும் லினக்ஸைத் தாமே தொகுத்துக்கொண்டார்கள். மலையாள எழுத்துருக்களைச் செம்மைப்படுத்தும் வேலையைத் தன்னார்வ இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எவரிடமும் அனுமதிக் கடிதம் கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. அத்தொகுதியைப் பிள்ளை வீட்டுக்கும் கொண்டுபோகலாம், தமையனுடைய கணனியிலும் போடலாம், அது களவாகாது.

2017ல் அச்செயற்றிட்டம் 'கைற்' என்னும் அரச நிறுவனமாக்கப்பட்டது. 2018ல் 'லிற்றில் கைற்ஸ்' என்ற பெயரில் பாடசாலைகளில் மாணவர் கழகங்கள் தொடங்கின. 2019ல் 2 இலட்சத்திற்கு மேற்பட்ட பாடசாலைக் கணனிகளில் புதிய லினக்ஸ் தொகுதி ஏற்றப்படுவதாகவும், இதனால் உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி இந்திய ரூபா மிச்சம் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் கணனி ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் வருகிறது. எமக்கு அது சற்றுப் பெருங்கணக்காகவே படுகிறது. அதிற் பாதியேதான் என்றாலும் ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு அது பெரிய தொகை.

கேரளத்தில் அரசாங்கமே முன்னின்றது, எம்மிடம் என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். எமது நாட்டிலும் நடந்தது ஒன்று உண்டு. அது உங்களோடு நெருங்கிய தொடர்புடையது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பெருகி இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. யார் எந்த முகாமில் இருக்கிறார்கள், யார் யாரைத் தேடுகிறார்கள், எங்கே என்ன பொருள் தேவை என்று எவருக்கும் தெரியாத நாட்கள் அவை. முகாம் வாசலில் பெயர் பதிய வரிசையில் நின்ற உங்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தின் பெயரை ஐந்து நிறுவனங்கள் எழுதிக்கொண்டு போகும். சாமான் வரும்போது ஒரு பட்டியலிலும் பெயர் இராது. அந்த வாரங்களில் இலங்கையின் மென்பொருளாளர் பலர், லங்கா சொவ்ற்வெயார் பவுண்டேசனைச் சேர்ந்தோரின் முன்முயற்சியில், சம்பளமின்றிக் கூடி எழுதிய மென்பொருள்தான் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிய அது வழிசெய்தது. அரசாங்கம் அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்தில் அது பாவிக்கப்பட்டது.

கம்பனி மென்பொருளாயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மூலத்தைத் திறந்து வைத்தபடியால் 2005ல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கேயும், பின்னர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும், 2010ல் ஹெயிட்டியிலும் அதனை எடுத்துத் தத்தம் தேவைக்கேற்ப மாற்றிப் பாவித்தார்கள். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஸ்டோல்மனின் அறக்கட்டளை சஹானாவுக்கே வழங்கியது. இடருற்ற ஒரு நாடு தன் இடரிலிருந்து உண்டாக்கிய விதை வேறு நாடுகளின் வயலில் முளைத்தது. எமது பாடசாலைப் புத்தகங்களில் இக்கதை ஏன் பெரிதாகப் பேசப்படுவதில்லை என்று நாம் பலமுறை வியந்ததுண்டு.

தமிழுக்கும் இதனால் நன்மையுண்டு. 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005ல் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் 'மீடியாவிக்கி' என்ற கட்டற்ற மென்பொருளிலேயே இயங்குகின்றன. இணைய வசதியில்லாத கிராமத்தில் 'கிவிக்ஸ்' என்பதன் மூலம் விக்கிப்பீடியாவை முன்னரே இறக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கலாம். கடிதமும் கணக்கும் எழுத உதவும் 'லிபரே ஒபிஸ்' தமிழிலேயே பட்டியல்களைக் காட்டும். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பிள்ளைகள் கற்கும் 'பைத்தன்' மொழியும் கட்டற்றதே.

தடைகள் இல்லாமலில்லை. எமது நிலையத்தில் முதல் மூன்று கிழமைகளும் அச்சுப்பொறி வேலைசெய்யவில்லை. "கடையளில உது பாவிக்கிறேல்லையே, பிள்ளைக்கு வேலை கிடைக்குமோ?" என்று ஒரு தகப்பனார் கேட்டார், நியாயமான கேள்வி. ஒரு கணக்குத் தாளில் கூட்டவும் கழிக்கவும் பழகியவருக்கு மற்றதில் பழக அதிக நாள் எடுக்காது என்று பிள்ளையைக்கொண்டே இரண்டிலும் செய்துகாட்டினோம். பெரிய தொல்லை தந்தது பாமினி எழுத்துருதான். எம்மவர் பல ஆண்டுகளாகப் பாமினியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றக் கருவிகள் உண்டு. மாற்றியபின் ஒருவர் இருந்து வாசித்துப் பிழை பார்க்கவும் வேண்டும்.

இப்போது இதனைத் தொடங்க நல்ல தருணமும் வாய்த்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணனிகளைப் பல அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அவற்றில் பல லினக்ஸ் மின்ற், டெபியன் போன்றவற்றை ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். உள்ளேயிருப்பதை அழிக்காமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கவும் வழியுண்டு. உங்கள் கிராமத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கூடும்போது, அன்பளிப்பாக வரும் கணனியில் என்ன மென்பொருள் இருக்கிறது, அதற்கு உரிமம் உண்டா, அடுத்த வருடம் யார் பணம் கட்டுவது என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கேட்பதற்குக் கணனி தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாம் கேட்காமல் விட்டதைத்தான் மேலே எழுதியிருக்கிறோம்.

எமது எட்டுக் கணனிகளில் ஆறு இப்போது லினக்ஸில் ஓடுகின்றன; இரண்டு உதிரிப்பாகத்திற்காகக் கழற்றப்பட்டுவிட்டன. மாதர் சங்கத்துக் கணக்குகள் லிபரே ஒபிஸில் இருக்கின்றன. தலைவியின் மகளின் பென்டிரைவில் இன்னொரு பிரதியும் உண்டு. பாமினியில் உள்ள பழைய கடிதங்களையும் காணி விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாக மாற்றும் வேலை முடியவில்லை. மாரிமழைக்கு முன் முடித்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.