டாங்கிப் பந்தயத்தில் ஜெயித்தவர் போரில் ஜெயிப்பாரா?

2022 பிப்ரவரி கடைசியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த அன்று, "மூணு நாள்ல கீவ் விழுந்துடும், எழுதி வச்சுக்கோ" என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். என் ஆதாரம் என்ன தெரியுமா? யூடியூபில் வருஷக்கணக்காகப் பார்த்த 'டாங்கி பயத்லான்' வீடியோக்கள்! என் கணிப்பு என்ன ஆச்சு என்று உங்களுக்கே தெரியும். எங்கே சறுக்கினேன் என்று தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போட்டி. பனிச்சறுக்கிக்கொண்டே போய் நடுவில் துப்பாக்கி சுடும் விளையாட்டுதான் பயத்லான். அதையே ரஷ்யர்கள் டாங்கியை வைத்து ஆடினார்கள். 2013-ல் மாஸ்கோ அருகே அலபினோ மைதானத்தில் தொடங்கியது. 2015 முதல் 'சர்வதேச ராணுவ விளையாட்டுகள்' என்ற பெரிய திருவிழாவின் நட்சத்திர நிகழ்ச்சியாகிவிட்டது. ஒரு டாங்கிக்கு மூன்று பேர்: ஓட்டுநர், சுடுபவர், கமாண்டர். மேடு பள்ளம் தாண்டி, தண்ணீரில் இறங்கி ஏறி, நின்று இலக்கைச் சுட வேண்டும். குறி தப்பினால் தண்டனையாகக் கூடுதல் வட்டம் ஓட வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ரஷ்யாவே தன் டி-72 டாங்கிகளைக் கொடுத்தது. சீனா தன் சொந்த டாங்கியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வருஷமும் கோப்பை ரஷ்யாவுக்குத்தான்.

2017-ல் இந்தியாவும் தன் டி-90 டாங்கிகளை எடுத்துக்கொண்டு போனது. நம்ம ஆவடியில் தயாராகிறதே, அந்த ரகம். முதல் டாங்கியில் பெல்ட் அறுந்தது, மாற்று டாங்கியில் எஞ்சின் ஆயில் ஒழுகியது என்று செய்தி வந்தது. இந்திய அணி போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று. அப்போது எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த மைதானத்தில் நிஜப் போருக்கு மிக நெருக்கமாக நடந்த விஷயமே அந்த பெல்ட் அறுந்ததுதான் என்று தோன்றுகிறது.

ஏன் என்கிறீர்களா? பந்தயத்தில் பாதை தெரியும், இலக்கு எங்கே என்று தெரியும், டீசல் தயாராக இருக்கும். முக்கியமாக, எதிரில் யாரும் திருப்பிச் சுட மாட்டார்கள். அங்கே அளக்கப்படுவது மூன்று பேரின் கைத்திறனும் ஒரு வண்டியின் ஒருநாள் உடல்நிலையும் மட்டுமே. போரில் டாங்கியோடு காலாட்படை போக வேண்டும், பின்னால் டீசல் லாரி வர வேண்டும், பழுதானால் இழுத்து வந்து சரிசெய்ய ஆள் வேண்டும். 2022-ல் கீவ் சாலையில் மைல்கணக்கில் ரஷ்ய வாகனங்கள் முடங்கி நின்றன. கைவிடப்பட்ட வண்டிகளை உக்ரைன் விவசாயிகள் டிராக்டர் கட்டி இழுத்துப்போன காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். டீசல் லாரி நேரத்துக்கு வருகிறதா என்பதற்கு எந்தப் பந்தயத்திலும் மதிப்பெண் கிடையாது.

இதன் மறுபக்கமும் உண்டு. நேட்டோ நாடுகளின் டாங்கிப் படைகளுக்கு 1963 முதல் 'கனேடிய ராணுவக் கோப்பை' என்று ஒரு சுடும் போட்டி இருந்தது. எவ்வளவு வேகமாக, எத்தனை இலக்கை அடிக்கிறாய் என்பதுதான் கணக்கு. 1987-ல் ஜெர்மனியின் கிராஃபன்வோர் மைதானத்தில் அமெரிக்கர்கள் ஆப்ராம்ஸ் டாங்கியோடு முதல்முறையாக ஜெயித்தார்கள். பிரிட்டனின் சேலஞ்சர் கடைசியில் நின்றது. அதன் குறிபார்க்கும் கருவி பழைய சீஃப்டன் டாங்கியிலிருந்து வந்தது, வேகம் போதவில்லை. பிரிட்டனில் பெரிய சலசலப்பு, அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் போட்டிப் பக்கமே போகவில்லை.

நாலே வருஷம். 1991 வளைகுடாப் போரில் அதே சேலஞ்சர்களில் ஒன்றைக்கூட எதிரியின் தாக்குதலில் பிரிட்டன் இழக்கவில்லை. ஒரு சேலஞ்சர் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்திலிருந்த இராக்கிய டாங்கியை அடித்தது இன்றும் பேசப்படுகிறது. அதற்காக 1987 முடிவு பொய் என்று சொல்ல முடியாது. கருவி மெதுவாக இருந்தது உண்மைதான். ஆனால் பாலைவனத்தில் தூரமும் கவசமும் பயிற்சியும் அதைவிட முக்கியமாகிவிட்டன.

இன்னொரு தகவல். அதே கிராஃபன்வோரில் 2017-லும் 2018-லும் 'வலிமையான ஐரோப்பா டாங்கிச் சவால்' என்ற போட்டியில் உக்ரைன் கலந்துகொண்டது. இரண்டு முறையும் முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. கீவுக்கு வெளியே ரஷ்யாவைத் தடுத்து நிறுத்தியது அந்த ராணுவம்தான்.

அப்போ இந்தப் போட்டிகளே வெட்டியா? இல்லை. வேல்ஸ் மலைகளில் பிரிட்டிஷ் ராணுவம் நடத்தும் 'கேம்ப்ரியன் பட்ரோல்' எனக்குப் பிடித்த உதாரணம். எட்டுப் பேர் கொண்ட குழு முழுச் சுமையோடு இரண்டு நாளில் சுமார் 60 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் வேவு பார்ப்பது, காயம்பட்டவரைக் காப்பாற்றுவது, ஆறு கடப்பது என்று சோதனைகள். இந்திய ராணுவக் குழுக்களும் அங்கே தங்கம் வாங்கியிருக்கின்றன. இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. குறிப்பிட்ட தரத்தை எட்டும் எல்லாக் குழுவுக்கும் தங்கம். அடுத்தவனை முந்தினாயா என்று யாரும் கேட்பதில்லை, உன் வேலை உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள்.

நம் ஊர்ப் பரீட்சை மாதிரிதான். மார்க் ஷீட்டைப் பார்த்து எங்கே தப்பு விட்டோம் என்று திருத்திக்கொண்டால் லாபம். அதை ஃப்ரேம் போட்டு மாட்டி, ஊரை மிரட்டினால் முதலில் ஏமாறுவது நாம்தான். ரஷ்யத் தளபதிகள் அந்தக் கோப்பைகளை எவ்வளவு நம்பினார்கள் என்று நான் சொல்ல முடியாது. நான் நம்பினேன். நண்பர் இன்னமும் அவ்வப்போது, "மூணு நாள் முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.