வைர வீலும் சிபிஎன் வீலும்: தேர்வும் பராமரிப்பும்

ஒரு பொருளைத் தேய்த்து வடிவம் கொடுக்க அதைவிடக் கடினமான துகள் வேண்டும். சாதாரண சாணை வீல்களில் இருப்பவை அலுமினியம் ஆக்சைடும் சிலிக்கன் கார்பைடும். நூப் கடினத்தன்மை அளவையில் அவை ஏறத்தாழ 2,100, 2,500. பட்டறைகளில் விடியா என்று சொல்லப்படும் டங்ஸ்டன் கார்பைடு அவற்றுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அதனால் அந்த வீல்கள் கார்பைடைத் தேய்க்கும் வேகத்துக்குத் தாங்களும் தேய்ந்துபோகின்றன. கனசதுர போரான் நைட்ரைடு, சுருக்கமாக சிபிஎன், 4,500 அளவில் நிற்கிறது. வைரம் 7,000-ஐத் தாண்டிவிடுகிறது. இந்த இரண்டு துகள்களைக் கொண்டு செய்யப்படுபவையே சூப்பர் அப்ரேசிவ் வீல்கள்.

இந்த வீல்களின் தேவையைக் கொண்டுவந்தது கார்பைடுதான். ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1926-இல் அதை விற்பனைக்கு விட்டது. வெட்டுளி மழுங்கினால் கூராக்க வைரம் வேண்டியிருந்தது. அப்போது கிடைத்ததோ நகைக்கு உதவாத இயற்கை வைரத்தின் நொறுங்கல் மட்டுமே. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஷெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகம் பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் செயற்கை வைரத்தை உருவாக்கியது. அதே நிறுவனத்தின் ராபர்ட் வென்டார்ஃப் 1957-இல் சிபிஎன்னை உருவாக்கினார். அது போராசான் என்ற பெயரில் 1969-இல் சந்தைக்கு வந்தது.

இருப்பதிலேயே கடினமானது வைரம்தானே, எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இந்த எண்ணத்தால் வீணாகும் வீல்கள் ஏராளம். வைரம் என்பது கார்பன். சூடான இரும்பு கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். தேய்ப்பு முனையில் எழும் சூட்டில் வைரத் துகளின் கூர்முனை எஃகுக்குள் கரைந்துபோகிறது. காற்றில் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸிலேயே வைரம் எரியத் தொடங்கிவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சிபிஎன் இரும்போடு அப்படி வினைபுரிவதில்லை. 1,000 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆகவே இரும்புச் சேர்க்கை உள்ள கடினப் பொருள்களுக்கு, அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல், கடினப்படுத்திய டூல் ஸ்டீல், பேரிங் எஃகு போன்றவற்றுக்கு, சிபிஎன் வீல் வேண்டும். நிக்கல் உலோகக் கலவைகளுக்கும் அதுவே பொருந்தும். கார்பைடு, கண்ணாடி, செராமிக், ஃபெரைட், கருங்கல், சிலிக்கன் ஆகியவற்றுக்கு வைரம்.

சிபிஎன்னுக்கும் ஓர் எல்லை உண்டு. எஃகின் கடினம் ராக்வெல் சி அளவையில் 45-50க்குக் கீழே இருந்தால் நீண்ட, மென்மையான சீவல்கள் வீலின் முகத்தில் அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட எஃகுக்கு விலை குறைந்த அலுமினியம் ஆக்சைடு வீலே நல்லது.

எஃகுத் தண்டில் கார்பைடு முனையைப் பற்றவைத்த டூல்தான் அதிகத் தொல்லை தருவது. கூராக்கும்போது வைர வீல் கார்பைடை மட்டுமின்றி, அதன் அடியிலிருக்கும் எஃகையும் பற்றுவைப்பு உலோகத்தையும் சேர்த்தே தொடுகிறது. எஃகு வைரத்தைத் தின்கிறது. பற்றுவைப்பு உலோகம் துகள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அடைக்கிறது. இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். உலர் தேய்ப்பில் கார்பைடிலிருந்து வரும் பொறி மங்கலாக, குட்டையாக இருக்கும். வெளிச்சமான நீண்ட பொறிகள் சிதறினால் வீல் எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. முதலில் சாதாரண அலுமினியம் ஆக்சைடு வீலில் கார்பைடுக்குக் கீழேயுள்ள எஃகைச் சற்றுக் கூடுதல் சாய்வில் ஒதுக்கிவிட்டு, பிறகு கார்பைடை மட்டும் வைர வீலில் பிடிப்பதே முறை. கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும். வீலின் ஆயுள் பல மடங்கு கூடும்.

வீலின் உடலில் எழுதியிருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி. 1ஏ1 150-10-3-31.75 டி126 சி75 பி என்று ஒரு வீலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1ஏ1 என்பது தட்டையான நேர் வீலின் வடிவம். விட்டம் 150 மி.மீ., அகலம் 10 மி.மீ., துளை 31.75 மி.மீ. நடுவிலுள்ள 3 என்ற எண்தான் முக்கியம். வைரம் இருப்பது அந்த 3 மி.மீ. ஆழத்துக்கு மட்டுமே. உள்ளே இருப்பதெல்லாம் வெறும் தாங்கி: எஃகு, அலுமினியம் அல்லது அழுத்திச் செய்த ரெசின். டி126 என்பது வைரத் துகளின் அளவு. மைக்ரானில் சொன்னால் சுமார் 106 முதல் 125 வரை. சிபிஎன்னாக இருந்தால் டி-க்குப் பதில் பி வரும். சி75 என்பது செறிவு. கடைசியிலுள்ள பி ரெசின் பிணைப்பைக் குறிக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை சற்று மாறும். ஆனால் இந்தத் தகவல்கள் எல்லாவற்றிலும் இருக்கும்.

செறிவு 100 என்றால் வீலின் உழைக்கும் அடுக்கில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.4 காரட் வைரம், அதாவது கொள்ளளவில் கால் பங்கு. 75 என்றால் 3.3 காரட். மேலே சொன்ன வீலின் அடுக்கு ஏறத்தாழ 13.9 கன செ.மீ. ஆகவே அதில் 45 காரட்டுக்குச் சற்று மேல், எடையில் 9 கிராம் வைரம் இருக்கிறது. வீலின் முகத்தைச் சுற்றிலும் 0.1 மி.மீ. ஆழத்துக்குத் தேய்த்துத் தள்ளினால் ஒன்றரை காரட் போய்விடும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பின்னால் வரும் பராமரிப்பு விதிகள் எதற்காக என்பது தானே விளங்கும்.

செறிவு கூடினால் வீல் எப்போதும் நன்றாக வெட்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. கப் வீலைப்போல ஜாபை, அதாவது தேய்க்கப்படும் பொருளை, அகலமாகத் தொடும் வீலில் துகள்கள் அதிகம் இருந்தால் ஒவ்வொன்றின்மேலும் விழும் அழுத்தம் குறையும். அவை வெட்டாமல் உரசிச் சூடேற்றும். அங்கே 50, 75 போதும். மெல்லிய விளிம்பின் வடிவத்தைக் காக்க வேண்டிய வீலுக்கு 100-ம் அதற்கு மேலும் தகும். துகள் அளவிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு: டி126 போன்ற பெரிய துகள் வேகமாகப் பொருளை எடுக்கும், கார்பைடு விளிம்பை நுண்ணளவில் உடைக்கும், டி46 மெதுவாக வேலை செய்து வழுவழுப்பான முகத்தையும் கூரான விளிம்பையும் தரும். வீலின் விலையைவிட வேலையின் விளிம்பு முக்கியம் என்றால் இரண்டு வீல்களை வைத்துக்கொள்வதே சரி.

பிணைப்பு என்பது துகள்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் பசை. ரெசின் பிணைப்பு இளகியது. மழுங்கிய துகளை விட்டுவிட்டுப் புதிய துகளுக்கு வழிவிடும், சூடு குறைவு. டூல் கூராக்கும் வேலைகளில் பெரும்பாலும் இதுதான். வெண்கலம் போன்ற உலோகப் பிணைப்பு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் துகளை இறுகப் பிடித்திருப்பதால் அழுத்தம் கேட்கும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் அது பொருத்தம். விட்ரிஃபைடு எனப்படும் கண்ணாடிப் பிணைப்பில் நுண்துளைகள் உண்டு; கூலண்ட் உள்ளே போகும், சீவலுக்கும் இடம் இருக்கும். கிராங்க் ஷாஃப்ட், பேரிங் போன்ற பெருவாரி உற்பத்தியில் சிபிஎன்னோடு சேர்ந்து இதுவே ஆட்சி செய்கிறது. எலக்ட்ரோபிளேட்டட் வீலில் ஒரே ஓர் அடுக்குத் துகள் நிக்கலால் பிடிக்கப்பட்டிருக்கும். சிக்கலான வடிவங்களுக்கு மிக எளிது. ஜாப் எவ்வளவு கடினமோ, பிணைப்பு அவ்வளவு இளகியதாக இருக்க வேண்டும். கடினமான ஜாப் துகளைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கியதைப் பிணைப்பு விடாமல் பிடித்திருந்தால் வீல் தேய்க்காது, எரிக்கும்.

வேகத்தை நிமிடச் சுற்றுகளில் மட்டும் பார்க்கக்கூடாது. விளிம்பு வேகமே கணக்கு. ரெசின் வைர வீலில் கார்பைடைக் கூலண்டோடு பிடிக்க நொடிக்கு 20 முதல் 30 மீட்டர் பொருத்தம். உலர் தேய்ப்பில் அதைவிடக் குறைக்க வேண்டும். 150 மி.மீ. வீல் 2,800 சுற்றில் நொடிக்கு 22 மீட்டர் தரும். அதே வீலை 1,440 சுற்று மோட்டாரில் மாட்டினால் கிடைப்பது 11 மீட்டர்தான். துகள்கள் பிய்ந்து வீல் வேகமாகக் கரையும். சிபிஎன் இன்னும் கூடுதல் வேகத்தை விரும்பும். வீலில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை எந்தக் காரணத்துக்காகவும் மீறக்கூடாது.

வீலை வாங்கியதும் அதைப் பிடித்து ஸ்பின்டிலில் மாட்டும் பிளாஞ்ச் ஒன்றை அதற்கென்றே ஒதுக்குவது பராமரிப்பின் முதல் வேலை. ஸ்பின்டில், பிளாஞ்ச் முகங்களைத் துடைத்து, திருகை லேசாகப் பிடித்து, வெளி விளிம்பில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முள் 0.02 மி.மீ.க்குள் அசைந்தால் நல்லது. அதிகமானால் உயர்ந்த பக்கத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டித் துளையின் இடைவெளிக்குள் நகர்த்தி, பிறகு இறுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் 0.1 மி.மீ. ஆட்டத்தோடு மாட்டிவிட்டு, அதை ட்ரூயிங் செய்து, அதாவது வட்டமாகத் தேய்த்து, சரிக்கட்டினால் சராசரியாக அதில் பாதி ஆழம் போய், மேற்கண்ட வீலில் முக்கால் காரட் வைரம் தூசியாகும். பிளாஞ்சிலிருந்து கழற்றி மீண்டும் மாட்டும் ஒவ்வொரு முறையும் அதே இழப்பு. வேறு வேலைக்கு மாறும்போது பிளாஞ்சோடு சேர்த்துக் கழற்றி, அப்படியே எடுத்துவைப்பதே சிக்கனம். விலை கூடிய வீலைத் தேடுவதைவிட, கூடுதலாக நான்கு பிளாஞ்சுகளும் ஒரு நல்ல டயல் கேஜும் வாங்குவது எந்தப் பட்டறைக்கும் ஆதாயம்.

ட்ரூயிங் என்பது வீலை வட்டமாக்குவது. டிரெஸ்ஸிங் என்பது அதன் முகத்தைத் திறப்பது. இரண்டும் வேறு வேறு வேலைகள். சாதாரண வீலுக்குப் பயன்படும் ஒற்றை முனை வைரத்தை ரெசின் வைர வீலில் காட்டக்கூடாது. வீலும் முனையும் இரண்டுமே கெடும். ட்ரூயிங்குக்குப் பச்சை சிலிக்கன் கார்பைடு வீல் பொருத்திய பிரேக் டிரெஸ்ஸர் ஏற்றது. வைர வீல் அதைச் சுழற்றப் பார்க்கும், பிரேக் அதைத் தடுக்கும். இந்த வேக வித்தியாசத்தில் பிணைப்பு சீராகத் தேய்கிறது. விட்ரிஃபைடு சிபிஎன்னுக்கு மோட்டாரில் சுழலும் வைர ரோலர் வேண்டும். ஒரு நடைக்குச் சில மைக்ரான்கள் போதும். எலக்ட்ரோபிளேட்டட் வீலில் ட்ரூயிங் கிடையாது, ஏனெனில் இழக்க இரண்டாவது அடுக்கு இல்லை.

ட்ரூயிங் முடிந்த வீல் வட்டமாக இருக்கும், வெட்டாது. துகளும் பிணைப்பும் ஒரே மட்டத்தில் வழவழவென்று பளபளக்கும். அப்போது இளகிய வெள்ளை அலுமினியம் ஆக்சைடு ஸ்டிக்கை நீரில் நனைத்து, ஓடும் வீலின் முகத்தில் அழுத்த வேண்டும். முதலில் ஸ்டிக் கரையாது, வழுக்கும். சிறிது நேரத்தில் அதன் துகள்கள் பிணைப்பை அரிக்க, வைரங்கள் மேலே எழும்பும். திடீரென்று ஸ்டிக் வேகமாகக் கரையத் தொடங்கும். அதுவே நிறுத்த வேண்டிய நேரம். வீலை நிறுத்தி விரல் நுனியால் தடவினால் நுண்ணிய உப்புத்தாளைப்போலச் சொரசொரக்கும். அதற்கு மேலும் அழுத்தினால் வைரத்தைத் தாங்கும் பிணைப்பு போய், நல்ல துகள்களும் உதிரும். பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

கூலண்ட் இருந்தால் மட்டும் போதாது. சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும். சுழலும் வீல் தன்னைச் சுற்றி ஒரு காற்றுப் படலத்தை இழுத்துக்கொண்டு ஓடும். வலுவற்ற நீர் அதன்மேல் பட்டுத் தெறித்துவிடும். நாசிலைத் தேய்ப்பு முனைக்கு அருகில் வைத்து, வீலின் விளிம்பு வேகத்துக்கு ஈடாகப் பாய்ச்ச வேண்டும். சிபிஎன்னுக்கு இயன்றவரை எண்ணெய் நல்லது. மிகுந்த சூட்டில் நீராவி அதன் துகளைத் தாக்கும். தேய்த்த தூளை வடிகட்டாமல் திரும்ப ஓட்டினால் பிணைப்பு அரிபடும், முகத்தில் கீறல் விழும். உலர்வாகத் தொடங்கியதை உலர்வாகவே முடிக்க வேண்டும். சூடான கார்பைடை நீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்து, டூல் பின்னர் இயந்திரத்தில் உடையும். வேலை முடிந்ததும் கூலண்டை நிறுத்திவிட்டு வீலைச் சில நிமிடம் ஓட விட வேண்டும். நின்ற வீலின் அடிப்பக்கத்தில் நீர் தேங்கினால் சமநிலை கெட்டு, அடுத்த நாள் அதிர்வு வரும்.

கோளாறுகளின் காரணங்கள் பெரும்பாலும் இவைதான். ஜாப் கருகினால் வீலின் முகம் மழுங்கியிருக்கிறது அல்லது அடைபட்டிருக்கிறது. டிரெஸ்ஸிங் செய்ய வேண்டும். ஒரே இடைவெளியில் அலைக்கோடுகள் விழுந்தால் ஆட்டம் அல்லது சமநிலைக் குறை. விளிம்பு உடைந்தால் துகள் பெரிது அல்லது ஒரே நடையில் ஆழம் அதிகம். வீல் சீக்கிரம் கரைந்தால் வேகம் குறைவு, ஆழம் அதிகம் அல்லது பிணைப்பு அந்த ஜாபுக்கு மிகவும் இளகியது.

கார்பைடுத் தூளில் கோபால்ட் இருக்கிறது. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் நோய் வரும் என்பது நன்கு அறியப்பட்டது. உலர் தேய்ப்பு செய்யும் இடத்தில் தூசி உறிஞ்சி கட்டாயம்; முகக்கவசம் அதற்கு மாற்றாகாது. தேய்ந்த தூளைச் சேர்த்து வைத்தால் டங்ஸ்டனுக்காக விற்கலாம்.

வைர அடுக்கு அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் ரெசின் வீலை மாற்றிவிடுவது பாதுகாப்பு. தாங்கி ஜாபில் உரசினால் பழுது வீலோடு நிற்காது. எலக்ட்ரோபிளேட்டட் வீலின் எஃகு உடலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. பழைய நிக்கலைக் கரைத்து, அதோடு துகளையும் நீக்கி, அதே உடலில் புதிய அடுக்கைப் பூசித் தருவார்கள். அளவு பிசகாத வரை அந்த உடல் பல முறை உழைக்கும்.