கோழிச் சுரமும் மனிதர் மருந்தும்

கோழிகளைத் தாக்கும் இன்புளூயன்ஸா சுரம் சிற்சில சமயங்களில் மனிதரையும் பற்றுவதுண்டு. 1997-ம் வருஷம் ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் இனம் 18 பேரைப் பீடித்து, அவர்களில் 6 பேர் மாண்டனர். இத்தகைய கிருமி மனிதரிடையே எளிதிற் பரவத் தொடங்கின் உலகெங்கும் கொள்ளைநோய் உண்டாகக்கூடுமாதலால், பல அரசாங்கங்கள் ஓஸல்டாமிவிர் என்னும் மருந்தை முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கின்றன. இது கிருமியை நேரே கொல்வதன்று. உயிரணுவினுள் பெருகிய புதுக் கிருமிகள் அதைவிட்டுப் பிரிய வொட்டாமல் தடுப்பது. எனவே, நோய் கண்ட 48 மணி நேரத்திற்குள் உட்கொண்டால் மிகுந்த பயன் தரும்.

கோழிகள் தூங்கி விழக் கண்டவுடன் இம்மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கலாமாவென்று கேட்போர் உளர். கூடவே கூடாது. அமாண்டடின் என்னும் பழைய மருந்தைச் சீனத்தில் கோழிகளுக்குக் கொடுத்து வந்ததாக 2005-ல் செய்தி வெளியாயிற்று. அருகிலுள்ள வியட்நாம், தாய்லாந்து நாடுகளிற் கண்ட எச்5என்1 கிருமிகள் பலவற்றிடம் அம்மருந்து பலிக்கவில்லை. ஒரே பூச்சிமருந்தை ஓயாது தெளித்த வயலில் அதற்கு மசியாத பூச்சிகளே எஞ்சிப் பெருகுவதை நாம் கண்டிருக்கிறோமல்லவா? அதுவே இங்கும் நிகழும். கோழிக்கென்று கலந்த மருந்து, நாளை நம் குழந்தைக்கு உதவாமற் போகலாம்.

கோழிகள் திடீரென்று கூட்டமாய் மடியின், அவற்றை உரிக்கவோ சந்தைக்கு அனுப்பவோ வேண்டாம். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். அன்றே கால்நடை வைத்தியருக்குத் தெரிவியுங்கள். நோய் பரவாதிருக்க அரசாங்கத்தார் அழிக்கும் கோழிகளுக்கு நஷ்டஈடு உண்டு. தாமாக மாண்டவற்றிற்குக் கிடையாது.