சுவரொட்டிக்குப் பின்னால் என்ன இருந்தது?

இரண்டாம் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் சுவரொட்டி ஒன்று. பூட்ஸ் போட்ட ஒரு கால் மண்வெட்டியை மிதித்து மண்ணுக்குள் இறக்குகிறது. ஆளோட முகம்கூடத் தெரியாது. ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்பது செய்தி.

1939-ல் போர் தொடங்கியபோது பிரிட்டன் சாப்பிட்டதில் பெரும்பகுதி கப்பலில் வந்த உணவு. அந்தக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கின. அதனால்தான் அரசு, ஊர் மக்களையே காய்கறி போடச் சொன்னது. லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில்கூட காய்கறி விளைந்தது.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். எத்தனையோ திட்டங்களுக்குச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறேன். பெரும்பாலும் அதற்குப் பின்னால் பல்லிதான் குடியிருக்கும். பிரிட்டனில் மட்டும் எப்படி வேலை செய்தது?

அங்கே பின்னால் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, நிலம். உள்ளாட்சிகள் ஏறத்தாழ 6 சென்ட் அளவுள்ள துண்டுகளைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தன. இரண்டு, துண்டறிக்கை. எந்த மாதம் எதை விதைப்பது, தோட்டக் குப்பையை எப்படி மக்க வைப்பது என்று வரிசையாகச் சொன்னது. மூன்று, வானொலி. ஞாயிற்றுக்கிழமைகளில் மிடில்டன் என்பவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி தோட்ட வேலை சொல்லிக்கொடுத்தார். போருக்கு முன் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 8 லட்சமாக இருந்த துண்டு நிலங்கள், 1943-க்குள் சுமார் 14 லட்சமாயின.

போர் முடிந்தது. நிலங்கள் பல வீடுகளாயின, கடைகள் நிரம்பின. 1960-களின் கடைசியில் 6 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. சுவரொட்டி மட்டும் இன்றும் காபிக் கோப்பையில் அச்சாகிறது!

இதை ஏன் சொல்கிறேன்? என் பேச்சைக் கேட்டு இயற்கை வழிக்கு வந்த பக்கத்துக் காட்டுக்காரர், இரண்டே போகத்தில் யூரியாவுக்குத் திரும்பிவிட்டார். கேட்டேன். “நீங்க சொன்னது சரிதான் சார். கத்தரியில புழு விழுந்த அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தேன். எங்கயோ கூட்டத்துல பேசப் போயிட்டீங்கன்னாங்க” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. நானும் ஒரு சுவரொட்டியாகத்தான் இருந்திருக்கிறேன்.

இப்போது கூட்டங்களைக் குறைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலை அவர் காட்டில் இருப்பேன். இந்தப் போகம் அரை ஏக்கரில் மட்டும் மறுபடி முயற்சி செய்கிறார். நீங்கள் அழைத்து வந்தவர் யாரோ, அவர் வரப்புக்கு இந்த வாரம் ஒருமுறை போய்ப் பாருங்களேன்.