வினவற் பொதுக்குறிகளும் தமிழ் எழுத்துக் கணக்கும்

இலக்கியச் சொற்களைத் தொகுத்து அடைவு செய்யும் பணி, அட்டைகளில் எழுதி அடுக்கும் நிலையினின்று கணினியின் தரவுத்தளத்திற்கு மாறியுள்ளது. ஒரு சொல் இந்நூலில் உண்டா, இத்துணை எழுத்தாலான சொற்கள் எத்தனை, இன்ன எழுத்தில் இறும் சொற்கள் யாவை என்னும் வினாக்களுக்கு இமைப்பொழுதில் விடை கிடைக்கின்றது. அவ்விடையையே சான்றாகக் கொண்டு முடிபு கூறுவாரும் உளர். ஆதலின், அவ்விடை எவ்வாறு பிறக்கின்றது என்பதனை அறிதல் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. வினவலில் வழங்கும் பொதுக்குறிகளைப் பற்றிக் கையேடுகள் கூறும் விளக்கம் ஒன்று, தமிழுக்கு வருங்கால் பெரும்பிழைக்கு இடந்தருகின்றது. அதனைத் தெளிவுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதுக்குறிகளின் இயல்பு

தரவுத்தள வினவல் மொழிகளுள் பெருவழக்கினது எஸ்.கியூ.எல். என்பது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்சு என்னும் இருவர் இதன் முன்வடிவை 1974-இல் வெளியிட்டனர். 1986-இல் இஃது அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. இம்மொழியில் ‘லைக்’ என்னும் கட்டளைச்சொல், தளத்திலுள்ள சொல் நாம் தரும் அமைப்போடு பொருந்துகின்றதா என்று காண்பது. அவ்வமைப்பில் விழுக்காட்டுக் குறி (%) எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். அடிக்கோடு (_) ஓர் எழுத்துக்கு மட்டும் பதிலாக நிற்கும். இதுவே கையேடுகள் தரும் விளக்கம்.

இவ்விளக்கத்தில் சொல்லாமல் விடப்படுவன சிலவற்றை முதற்கண் நோக்குவோம். ஒன்று, ‘எத்தனை எழுத்துகளுக்கும்’ என்பது எழுத்தே இல்லாமையையும் அடக்கும். ‘கல்%’ என்று வினவினால் ‘கல்வி’ மட்டுமன்றிக் ‘கல்’ என்னும் சொல்லும் வரும். இரண்டு, அமைப்பு முழுச்சொல்லோடும் பொருந்துதல் வேண்டும். ‘கல்’ என்று மட்டும் வினவினால் ‘கல்வி’ வாராது. ‘%கல்%’ என்று இருபுறமும் குறியிட்டாலோ, பகலும் அகலும் உடன் வந்து சேரும். சொல்லெல்லையை இக்குறி அறியாது. மூன்று, அடிக்கோட்டையே எழுத்தாகத் தேடவேண்டின், அதன் முன் விலக்குக்குறி ஒன்று இடுதல் வேண்டும். ஏட்டின் அடையாளம் ‘சுவடி_12’ என்று பதிவாகியிருக்க, அவ்வாறே வினவினால் ‘சுவடி-12’ என்பதும் பொருந்தும். ‘சுவடி!_12’ என்று எழுதி, வியப்புக்குறியே விலக்குக்குறி என ‘எஸ்கேப்’ என்னும் சொல்லால் அறிவித்தல் முறை.

எழுத்து எனப்படுவது யாது?

இவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே உரிய இடர்ப்பாடு, ‘ஓர் எழுத்து’ என்னும் தொடரில் உள்ளது. இலக்கண நூலார் எழுத்தென்பது வேறு. கணினி எழுத்தென எண்ணுவது வேறு. ஒருங்குறி முறையில் அகர உயிர்மெய்க்கு ஒரு குறியெண் உண்டு. புள்ளிக்கும் ஒவ்வோர் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியெண்கள் உண்டு. எனவே ‘க’ என்பது ஒன்று; ‘க்’ என்பது இரண்டு; ‘கா’ என்பதும் இரண்டு. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. எஸ்.கியூ.லைட், போஸ்ட்கிரெஸ் முதலிய தளங்களில் அடிக்கோடு இக்குறியெண் ஒன்றற்கே பதிலாக நிற்கின்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நன்னூலார் ஓரெழுத்தொருமொழிகளை நாற்பத்திரண்டு எனக் கணக்கிட்டார். அவ்வனைத்தையும் தளத்தில் இட்டு, ஓர் அடிக்கோட்டால் வினவுவதாகக் கொள்வோம். வருவன ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ என்னும் ஆறு மட்டுமே. பூ, தீ, கை முதலிய முப்பத்தாறும் வாரா. அவை குறியெண் கணக்கில் இரண்டு ஆதலின், ஈரடிக்கோட்டுக்கே வரும்.

அவையும் முழுதும் வருமென்று துணிதற்கில்லை. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை ஒருங்குறி இருவகையாக எழுத இடந்தருகின்றது. ‘கோ’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். முன்னிற்கும் கொம்பு, பின்னிற்கும் கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். கணினிக்கு அவை வேறு. பிரிவடிவில் எழுதப்பட்ட பட்டியலில் மோ, போ, நோ, கோ, சோ, நொ, வௌ என்னும் ஏழும் மூன்று குறியெண் உடையன ஆகும். ஈரடிக்கோட்டுக்கு அப்போது இருபத்தொன்பதே விடையாகும். ஒரே பட்டியல் ஆறு எனவும், இருபத்தொன்பது எனவும், முப்பத்தாறு எனவும் விடைதரும். நாற்பத்திரண்டு என ஒருகாலும் தாராது.

முதலும் ஈறும்

சொல்லின் முதலையும் ஈற்றையும் தேடுங்காலும் இவ்வேறுபாடு புலப்படும். ‘கல%’ என்னும் வினவல் ‘கலம்’ என்பதனோடு கலி, கலை, கல்வி ஆகியவற்றையும் கொணரும். லகரத்தின் பின்வரும் குறியை விழுக்காட்டுக் குறி ஏற்றுக்கொள்ளுதலே காரணம். ‘%ல’ என்னும் வினவலோ பல, சில என்றாற்போல அகர உயிர்மெய்யில் இறுவனவற்றையே தரும். முதலில் மிகையும் ஈற்றில் வரையறையும் நேர்கின்றன.

உயிர்மெய்யில் இறும் சொல்லை உயிரீறாகவே கொள்ளுதல் தொல்காப்பிய மரபு. புணர்ச்சி ஆய்வார் இகர ஈற்றுச் சொற்களைத் தேடி ‘%ி’ என வினவலாம். ஆனால் அகர ஈற்றுச் சொற்களை அவ்வாறு ஒரு வினவலால் பெறவியலாது. அகரத்திற்கு ஒருங்குறியில் தனிக்குறி இன்மையே காரணம். மெய்யை முதலாகக் கொண்டு உயிரை ஏற்றுவது நம் இலக்கணம். அகர உயிர்மெய்யை முதலாகக் கொண்டு புள்ளியால் உயிரை நீக்குவது கணினி முறை. இம்முரணே பிழைக்கெல்லாம் வேர் என்க.

தீர்வு

இதனை நீக்கும் வழி அரிதன்று. முதலாவது, சொற்களைத் தளத்தில் இடுமுன் பிரிவடிவங்களை ஒரே வடிவாக்கல் வேண்டும். வினவற் சொல்லுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் நீக்கி எஞ்சுவனவற்றை எண்ணினால் தமிழ் எழுத்தெண்ணிக்கை கிடைக்கும். அதனைத் தனி நிரலாகப் பதிதல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சொல்லையும் மெய்யும் உயிருமாகப் பிரித்து மற்றொரு நிரலில் வைத்தல் வேண்டும். ‘பல’ என்பது அந்நிரலில் ‘ப்அல்அ’ என நிற்கும். அங்கு ‘%அ’ என ஒருமுறை வினவினால் அகர ஈறு முழுதும் கைவரும்.

கணினி ‘இல்லை’ என்று கூறுவது, நாம் தந்த குறியெண் வரிசை தளத்தில் இல்லை என்னும் அளவினதே. அச்சொல்லே நூலில் இல்லை என்பது அதன் பொருளன்று. ஆதலின், ஆய்வேட்டில் எண்ணிக்கை தருவார், தாம் வினவிய அமைப்பையும் தளத்தின் பெயரையும் எழுத்து வடிவையும் உடன் குறித்தல் கடன். விடை தெரிந்த சிறு பட்டியல் ஒன்றில் அவ்வமைப்பை முன்னரே ஆய்ந்து பார்த்தலும் நன்று. அதற்கு நன்னூலாரின் நாற்பத்திரண்டினும் சிறந்த உரைகல் வேண்டுவதில்லை.